நிலத்தடி நீரின் கதை – 17: பந்தலும் பஞ்சாயத்தும்

லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலையின் கிணறு வற்றிய வழக்கோடு சென்ற இதழை முடித்திருந்தோம். 1821இல் தோண்டிய கிணறு அது. 1837இல் அக்கம்பக்கத்து நிலத்தில் நிலக்கரிக்குக் குழி பறித்தவர்கள் தண்ணீரை இறைத்துத் தள்ளியதில் ஆலைக் கிணறு வறண்டது. 1843இல் ஆங்கிலேய நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள். தன் நிலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஊறும் தண்ணீரை ஒருவர் எடுத்தால், அதனால் எவர் கிணறு வற்றினாலும் வழக்குப் போட இடமில்லை என்பது அவர்கள் முடிவு. நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்பதே அன்று சரிவரத் தெரியாது. தெரியாததை வைத்து நியாயம் பேச முடியாதென்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

அந்த ஒதுங்கல் கப்பலேறி நம்மிடம் வந்தது. வக்கீல்கள் இன்றும் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்லும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டாக அது உட்கார்ந்துகொண்டது: குறிப்பிட்ட தடத்தில் ஓடாத, தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீர் முழுவதையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளவும் விருப்பம்போலச் செலவழிக்கவும் நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. ஏற்றமும் கவலையும் மட்டும் இருந்த நாட்களில் இந்த வரி யாரையும் பெரிதாகக் கடிக்கவில்லை. மாடு இழுக்கிற அளவுக்குத்தானே தண்ணீர் மேலே வரும்! ஆழ்துளைக் குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பிறகுதான் அதன் பல் தெரிந்தது. முழுசாகத் தெரிந்த இடம் பிளாச்சிமடை.

பொள்ளாச்சிக்கு மேற்கே எல்லைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஊர் அது. பாலக்காடு மாவட்டம், சிற்றூர் வட்டம், பெருமாட்டிப் பஞ்சாயத்து. சிற்றூர் ஒரு காலத்தில் கொச்சி ராஜாவின் சீமையாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரரின் சென்னை மாகாணம், நடுவில் தீவுபோல இது மட்டும் கொச்சி. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தோடு போனது. ஆனால் எல்லையோரத்து வீடுகளில் பேச்சு இன்றைக்கும் தமிழ்தான். எரவாளர், மலசர் என்னும் பழங்குடியினரும் தலித் குடும்பங்களும் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிக்குப் போய்ப் பிழைத்த ஊர்கள். விஜயநகர் காலனி, வேலூர் காலனி, குஞ்சிமேனோன்பதி என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள்.

கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் அப்படியில்லை. மலைக்குப் பின்னால் ஒதுங்கிய மழைமறைவுப் பகுதி. பனையும் தென்னையும், தென்னையிலிருந்து இறங்கும் கள்ளும்தான் சிற்றூரின் அடையாளம். பாசனத்துக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் விடும் தண்ணீரை நம்பிக் கிடக்கும் மண். ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு. அது சரியாக வருகிறதா, குறைகிறதா என்று இரண்டு மாநில அதிகாரிகளும் ஆண்டுதோறும் மல்லுக்கட்டுவார்கள். மேலே ஓடும் தண்ணீருக்கு இவ்வளவு கணக்குப் பார்த்த அரசு, கீழே கிடந்த தண்ணீருக்கு ஒரு கணக்கும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விசித்திரம்.

இந்துஸ்தான் கோகோகோலா நிறுவனம் 1999 அக்டோபர் 8ஆம் தேதி பெருமாட்டிப் பஞ்சாயத்தில் விண்ணப்பம் கொடுத்தது. 2000 ஜனவரி 27இல் உரிமம் கிடைத்தது. மார்ச்சில் புட்டிகள் ஓடத் தொடங்கின. சுமார் 34 ஏக்கர், அதுவரை பயிர் விளைந்த நிலம். திருவனந்தபுரத்தில் அப்போது இடதுசாரி அரசு. பஞ்சாயத்தில் இருந்ததும் அதன் கூட்டணியான ஜனதா தளம். ஊருக்கு வேலை வருகிறது, பஞ்சாயத்துக்கு வரி வருகிறது என்ற மகிழ்ச்சியில் யாரும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. கம்பெனி ஏன் இந்த வறண்ட மூலையைத் தேடி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. மூலத்தறை அணையும் அதன் கால்வாய்களும் பக்கத்தில் இருந்ததால் அந்த நிலத்துக்கடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. கோயம்புத்தூர்ச் சந்தை கிட்டத்தில். நிலம் மலிவு. வியாபாரியின் கண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

ஆறு ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின; திறந்த கிணறுகளும் உண்டு. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கிறோம் என்பது கம்பெனியே ஒப்புக்கொண்ட அளவு. 15 லட்சம் என்றார்கள் எதிர்த்தவர்கள். சின்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 10,000 பேர் ஒருநாள் குடித்து, சமைத்து, குளிக்கப் போதும். ஒரு லிட்டர் பானத்துக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் செலவானது. மிச்சம் புட்டி கழுவிய நீராகவும் கழிவாகவும் வெளியே போயிற்று.

சில மாதங்களிலேயே பெண்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. காலனிக் கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்தால் சோறு பதம் கெட்டது, பருப்பு வேகவில்லை. குளித்தால் உடம்பு அரித்தது, சோப்பு நுரைக்கவில்லை. குடித்தால் நாக்கில் ஒரு கடுப்பு. நீர்மட்டம் இறங்கியது ஒருபுறம் இருக்க, தண்ணீரின் குணமே மாறிப்போனது. பாலக்காட்டின் அடிநிலம் கடினப் பாறை. மணல்பாங்கான ஆற்றுப் படுகைபோல அங்கே தண்ணீர் பரவிக் கிடக்காது. மேலடுக்குச் சிதைபாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் இருக்கும். மேலே இருப்பது மழையில் புதிதாக இறங்கியது, அதனால் இனிப்பானது. கீழ் வெடிப்புகளில் இருப்பது நெடுங்காலம் பாறையோடு கிடந்து சுண்ணாம்பும் மக்னீசிய உப்பும் கரைந்தது. அளவோடு இறைத்தால் மேல்தண்ணீர் வரும். இரவும் பகலும் மோட்டார் ஓடினால் மேல்தண்ணீர் தீர்ந்து கீழ்த்தண்ணீர் கலக்கும். ஆழ்துளைக் குழாய் எந்த வெடிப்பைத் தொடுகிறதோ அதே வெடிப்பு அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்க்கிணற்றுக்கும் ஊற்றாக இருக்கலாம். 1843இல் நீதிபதிகளுக்குப் புரியாத சங்கதி இதுதான்.

மழை பொய்த்ததே காரணம் என்றது கம்பெனி. மழை குறைந்தது உண்மை. குறைந்த மழையில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதுதானே கேள்வி. 2003 மே மாதம் அரசு மருத்துவத் துறையே அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்று பஞ்சாயத்துக்கு எழுதியது. அதற்குள் பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. தண்ணீருக்கு நடக்கும் நேரம் கூலிக்குப் போகும் நேரத்திலிருந்துதான் கழியும். அந்த நட்டத்தை எந்தச் சோதனைச்சாலையும் அளப்பதில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆலையின் கழிவுச் சேற்றைப் பக்கத்து விவசாயிகளுக்கு உரம் என்று கொடுத்தார்கள். மண்ணுக்கு நல்லது என்று நம்பி வயலில் கொட்டியவர்கள் உண்டு. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி நிருபர்கள் அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்து, காட்மியமும் ஈயமும் இருப்பதாக ஒலிபரப்பினார்கள். அடுத்த மாதம் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் கிலோவுக்கு 201.8 மில்லிகிராம் காட்மியம் தெரிந்தது. வரம்பு 50. கொஞ்ச நாளில் அதே வாரியம் வேறு மாதிரிகளைச் சோதித்து எல்லாம் வரம்புக்குள் என்றது! எந்த அறிக்கையை நம்புவது என்று ஊர் கேட்டதில் வியப்பில்லை.

போராட்டம் தொடங்கியது 2002 ஏப்ரல் 22. வயநாட்டிலிருந்து ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு வந்து தொடங்கிவைத்தார். ஆலை வாசலுக்கு எதிரே தென்னங்கீற்றுப் பந்தல். வேலூர் சுவாமிநாதன், விளயோடி வேணுகோபால் ஆகியோர் முன்னின்றார்கள். பந்தலைத் தாங்கியவர்கள் என்னவோ காலனிப் பெண்கள்தான். பெரிய கட்சிகள் எதுவும் அப்போது கிட்டவே வரவில்லை. தொழிற்சங்கங்கள் ஆலைப் பக்கம் நின்றன. வேலை போய்விடும் என்று எதிர் ஊர்வலமும் நடந்தது. ஜூனில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். வெயிலிலும் மழையிலும் பந்தல் கலையவில்லை.

அந்தப் பெண்களுக்குள் ஒரு பெயர் உலகம் சுற்றியது: மயிலம்மா. எரவாளர் குடியில் பிறந்தவர், முதலமடைப் பக்கத்திலிருந்து பிளாச்சிமடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். பத்திரிகைக்காரரோ வெள்ளைக்காரரோ, யார் வந்தாலும் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்துப் பேச்சைத் தொடங்குவார் என்று அங்கே போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் பேசியது தமிழ். கேரளத்துப் போராட்டம், மலையாள எழுத்தாளர்களின் ஆதரவு, கொச்சி உயர் நீதிமன்றம் என்று இந்தக் கதை எல்லைக்கு அப்பால் எழுதப்பட்டதால், தமிழ்நாட்டில் தண்ணீர்ப் போராட்டங்களின் பட்டியலைச் சொல்பவர்கள் மயிலம்மாவை அடுத்த மாநிலத்துக்காரராகவே எண்ணிவிட்டார்கள். ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதிய அவர் வாழ்க்கை தமிழிலும் வந்தது. 2007 ஜனவரி 6இல் மயிலம்மா இறந்தபோது ஆலை மூடியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் சரியாகவில்லை.

இனி நான் இந்தக் கதையின் நடு என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். அதைப் பந்தலில் தேடுவதைவிடப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தேடலாம். பந்தல் போட்டு ஓராண்டு முடியும் தறுவாயில், 2003 ஏப்ரல் 7ஆம் தேதி, பெருமாட்டிப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது: நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுப்பதாலும் குடிநீர்ப் பஞ்சத்தாலும் பொதுநலன் கருதிக் கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை. தலைவர் ஏ. கிருஷ்ணன். மூன்றாண்டுக்கு முன் உரிமம் கொடுத்ததும் இதே பஞ்சாயத்துதான். புதுப்பிக்க மறுத்தால் வரி வருமானத்தில் பெரிய பள்ளம் விழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பஞ்சாயத்தை ஆண்ட ஜனதா தளத்துக்குள் எம்.பி. வீரேந்திரகுமார் போராட்டத்தின் பக்கம் சாய்ந்தது உதவியது. அவருடைய ‘மாத்ருபூமி’ நாளிதழும் விடாமல் எழுதியது. வாசலில் பந்தல் இல்லாவிட்டால் இந்தத் தீர்மானம் வந்திருக்காது. தீர்மானம் இல்லாவிட்டால் பந்தலுக்கு நீதிமன்றம் ஏற வழியே இருந்திருக்காது. ஏனென்றால் 1882ஆம் ஆண்டு வரி அப்படியே இருக்க, காலனிக்காரர் ஒருவர் தன் கிணறு கெட்டதென்று தனியாக வழக்குப் போட்டிருந்தால் லங்காஷயர் ஆலைக்காரருக்குக் கிடைத்த பதில்தான் கிடைத்திருக்கும்.

கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. அது அரசிடம் அனுப்பியது. அக்டோபரில் மாநில அரசு பஞ்சாயத்தின் முடிவை நிறுத்திவைத்தது, நிபுணர் குழு அமைத்து ஆராயச் சொன்னது. பஞ்சாயத்து அதை எதிர்த்து வழக்குப் போட்டது. ஒரு கிராமப் பஞ்சாயத்து, தன் மாநில அரசையே எதிர்வாதியாக நிறுத்திய வழக்கு அது. 2003 டிசம்பர் 16இல் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்புச் சொன்னார். நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் சொந்தம். அரசு அதற்கு அறங்காவலர் மாதிரி. அளவுமீறி எடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் அரசும் பஞ்சாயத்தும் காப்பாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குப் பொருளில்லை. ஒரு மாதத்துக்குள் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுப்பதை நிறுத்து. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி பயிருக்கு எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவு எடுத்துக்கொள். அதே தீர்ப்பில் ஆலையையே மூடச் சொல்லப் பஞ்சாயத்துக்கு அதிகாரமில்லை என்றும் இருந்தது. தண்ணீரை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்தால் ஓட்டலாம். மேடைகளில் இந்த இரண்டாம் பகுதியை யாரும் சொல்வதில்லை.

அடுத்த மாதமே, 2004 ஜனவரி 21 முதல் 23 வரை, அங்கே உலகத் தண்ணீர் மாநாடு கூடியது. பிரான்ஸின் விவசாயத் தலைவர் ஜோஸே போவே, கனடாவின் மாட் பார்லோ, வந்தனா சிவா, மேதா பட்கர் என்று வந்தவர்கள் பலர். பார்லோ அங்கிருந்து எங்கெங்கோ போனார். அவர் தலைமையில் கனடாவில் ‘நீலச் சமூகம்’ என்ற இயக்கம் பிறந்தது. தண்ணீர் மனித உரிமை, வினியோகம் பொதுத்துறையிடமே இருக்க வேண்டும், புட்டித் தண்ணீரைவிடக் குழாய்த் தண்ணீர் என்பவை அதன் உறுதிமொழிகள். ஐரோப்பாவில் அதை முதலில் ஏற்றது சுவிட்சர்லாந்தின் பெர்ன்: 2013இல் அந்நகரமும் பல்கலைக்கழகமும் ஒரு திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் இந்தத் தொடரைப் படிப்பதாக எழுதியிருந்தார்கள், அவர்களுக்காக ஒரு செய்தி. சுவிஸ் சிவில் சட்டத்தின் 704ஆம் பிரிவு ஊற்றை நிலத்தின் பகுதி என்கிறது, நிலத்தடி நீரையும் அதற்குச் சமமாக வைக்கிறது. படித்தால் நம் 1882 போலவே இருக்கும். ஆனால் அங்கே மாநிலங்கள் பெரிய நிலத்தடி நீரோட்டங்களைப் பொதுநீர் என்று தனிச்சட்டம் செய்துகொண்டன, நீதிமன்றமும் ஒத்துப்போனது. எழுத்தை மாற்றாமலே சட்டத்தின் பொருளை மாற்றிவிட்டார்கள். புட்டித் தண்ணீரில் உலகளவில் பணம் பார்த்த நெஸ்லேயின் தலைமையகம் இருப்பதும் அதே நாட்டில்தான், வெவேயில்.

பிளாச்சிமடை ஆலையை மூடியது டிசம்பர் தீர்ப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். 2004 பிப்ரவரி 17இல் முதல்வர் ஏ.கே. அந்தோணியின் அரசு, வறட்சியைக் காரணம் காட்டி, ஜூன் 15 வரை ஆலை நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மார்ச் 9இல் உற்பத்தி நின்றது. நான்கு மாதத் தற்காலிகத் தடை! ஜூன் 15 போனது, மழை வந்தது, ஆலை திறக்கவில்லை. பஞ்சாயத்து உரிமம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் தீர்ப்பின் ஆயுள் பதினாறு மாதம்கூட இல்லை. 2005 ஏப்ரல் 7இல், பஞ்சாயத்துத் தீர்மானம் போட்ட அதே தேதியில், உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப்போட்டது. கோழிக்கோட்டு நீர்வள மையத்தின் ஆய்வை வைத்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. தன் நிலத்தில் நியாயமான அளவு தண்ணீர் எடுக்க ஒருவர் பஞ்சாயத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. லங்காஷயர் திரும்பி வந்துவிட்டது, ‘நியாயமான’ என்ற ஒட்டு மட்டும் புதிது. ஒரு நிபுணர் குழு சராசரி மழையைக் கணக்குப் போட்டுத் தரும் எண்ணை நீதிமன்றம் தீர்ப்பாக்கலாமா என்பதில் எனக்குக் கடும் சந்தேகம் உண்டு. சராசரி மழை எந்த ஆண்டும் பெய்வதில்லை. வறண்ட ஆண்டில் குடம் தூக்குபவர் சராசரியைக் குடிக்க முடியாது.

ஜூனில் நீதிமன்றம் உரிமம் தரச் சொன்னது. பஞ்சாயத்து தந்தது: மூன்றே மாதத்துக்கு, 13 நிபந்தனைகளோடு! தீர்ப்பை மீறாமல் தீர்ப்பை ஓடவிடாமல் செய்யும் கலை நம் கிராம அலுவலகங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடும் போட்டது. ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காட்மியம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கவில்லை என்று சொல்லி அனுமதி மறுத்தது. நவம்பரில் மாநில அரசு அந்தப் பகுதியை நிலத்தடி நீர் மிதமிஞ்சிச் சுரண்டப்பட்ட பகுதி என அறிவித்தது. இரண்டாண்டு முன்பு பஞ்சாயத்தின் கையைக் கட்டிய அதே அரசு இயந்திரம்தான். 5 லட்சம் லிட்டருக்கு நீதிமன்ற அனுமதி கையில் இருந்தும் கம்பெனியால் ஒரு புட்டிகூட விற்பனைக்கு நிரப்ப முடியவில்லை.

பிறகு வந்தது இழப்பீட்டுக் கட்டம், அது நீண்ட இழுவை. கூடுதல் தலைமைச் செயலாளர் கே. ஜெயகுமார் தலைமையிலான உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் நட்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணித்தது. அதில் விவசாய இழப்பு மட்டும் 84.16 கோடி, நீர்வளம் கெட்டதற்கு 62.10 கோடி. நடந்து நடந்து போன கூலிக்கும் இழந்த வாய்ப்புக்கும் ஒரு தொகை வைத்திருந்தார்கள், 20 கோடி. 2011 பிப்ரவரி 24இல் கேரளச் சட்டமன்றம் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து சிறப்புத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குத் தில்லி போன மசோதா அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது இது எதற்கு என்ற வாதங்களுக்கு நடுவே, ஒப்புதல் இல்லாமல் திரும்பியது.

2017 ஜூலையில் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் பிளாச்சிமடையில் இனி ஆலையை ஓட்டும் எண்ணமில்லை என்றது. நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீர் நிலத்துக்காரருக்கா, ஊருக்கா என்ற கேள்வியைத் தொடவே தேவை வரவில்லை. டிசம்பர் தீர்ப்பா, ஏப்ரல் தீர்ப்பா, எது சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இரண்டையும் சொல்லித்தருகிறார்கள். வழக்காடுபவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்.

2021இல் கோவிட் பரவியபோது ஆலைக் கட்டடத்தைச் சிகிச்சை மையமாக்கினார்கள். 2023இல் நிலத்தை அரசுக்கே கொடுத்துவிடக் கம்பெனி முன்வந்தது. 216.26 கோடியில் பேச்சளவு தவிர எதுவும் பெருமாட்டிக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தில் எலப்புள்ளியில் ஒரு தனியார் எத்தனால், மது ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதல்கட்ட ஒப்புதல் தந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. தண்ணீர் எங்கிருந்து என்பதுதான் எலப்புள்ளிப் பஞ்சாயத்தும் கேட்ட கேள்வி.

உச்ச நீதிமன்றம் பிளாச்சிமடைக் கோப்பை மூடுவதற்கு நான்கு மாதம் முன்பு, 2017 மார்ச் 2இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணித் தண்ணீர் வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தது. சிப்காட் வழியாகக் குளிர்பான ஆலைகளுக்குப் போகும் ஆற்றுநீர் குறித்த வழக்கு அது. அங்கே பஞ்சாயத்துக்குப் பதில் வணிகர் சங்கங்கள் களத்தில் இறங்கின. அடுத்த இதழில் கங்கைகொண்டான்.

(தொடரும்)